பரீட்சை வரைக்கும் மௌனம்

படிக்க உட்கார்ந்தால் தூக்கம் வருவது ஒரு நோய் என்றால், எழுபதுகளின் பிற்பாதியில் திருவண்ணாமலையில் அந்த நோய்க்கு வைத்தியம் சொல்லாத ஆளே கிடையாது. வாளியில் தண்ணீர் நிரப்பி அதில் காலை வைத்துக்கொண்டு படி என்றார்கள். வைத்துக்கொண்டேன். கால் நன்றாக ஊறியது. படித்தது ஊறவில்லை. வெறும் வயிற்றில் படி என்றார்கள். படித்தேன். இட்லியைப் பற்றி மட்டும் மிக ஆழமாகச் சிந்திக்க முடிந்தது. நடந்துகொண்டே உரக்கப் படித்தால் மண்டையில் ஏறும் என்றார்கள். விடிந்ததும் பெரிய கோயிலின் வெளிப் பிரகாரத்துக்குப் போனால், ஊரில் வேலையில்லாத பட்டதாரிகள் அத்தனை பேரும் ஆளுக்கொரு புத்தகத்தோடு குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருப்பார்கள். ஒருவன் பானிபட் போரை ஒப்பித்தபடி கிழக்கே போவான். இன்னொருவன் கூட்டு வட்டியோடு மேற்கே வருவான். நடுவில் நான். அறைக்குத் திரும்பும்போது, பானிபட்டில் வட்டி எவ்வளவு என்கிற அளவில்தான் என் பொது அறிவு இருக்கும்.

அறை என்பது ஒரு சந்துக்குள் இருந்த மாடி அறை. கீழே கயிறு, வாளி, அரிக்கேன் விளக்கு விற்கும் கடை. கடையும் மாடியும் ஒரு பாய்க்குச் சொந்தம். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து அதே சந்தில் அதே வியாபாரம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்க இறங்க, ஊர்க்காரர்களுக்கு நீளக் கயிறு தேவைப்படும். அதனால் எங்கள் ஊரில் கோடையை ஆவலோடு எதிர்பார்த்த ஒரே மனிதர் அவர்தான்.

அறையில் என்னோடு இருந்தவர் என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். மனைவியையும் பெண் குழந்தையையும் கீழ்பென்னாத்தூரில் மனைவியின் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, சர்க்கார் குமாஸ்தா பரீட்சைக்குப் படிக்க இந்த அறைக்கு வந்தவர். அந்தப் பரீட்சையை அவர் மூன்று முறை எழுதி மூன்று முறையும் கோட்டை விட்டிருந்தார். நான் ஒரே முறைதான் விட்டிருந்தேன். துறையில் அவர் எனக்கு சீனியர்.

அவர் தோற்றதற்குக் காரணம் அறிவுக் குறைவு இல்லை. வாய். அவர் பேச ஆரம்பித்தால் டீக்கடையில் டீ ஆறிப்போகும். கடைக்காரரும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதால் அடுத்த டீயும் வராது. மில் முதலாளி எப்படித் தும்முவார், பஸ் கண்டக்டர் எப்படிச் சில்லறை இல்லை என்பார் என்று ஒவ்வொன்றையும் நடித்துக் காட்டுவார். அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கு அளவே இல்லை. படிக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தார். "படிண்ணா, படி. நான் சும்மா உக்காந்துக்கினு இருக்கேன்" என்று வருகிறவன் உட்காருவான். கால் மணி நேரத்தில் அவனே ஏதாவது கேட்பான். அவ்வளவுதான், அன்றைய பாடம் முடிந்தது.

அந்த ஆண்டு மாசி மாதம் அவருடைய மனைவி ஊரிலிருந்து வந்தார். சித்திரையில் பரீட்சை. மாடிப்படியில் நின்றபடி என்னிடம் பேசினார். அண்ணா அந்த நேரம் கீழே கடையில் இருந்தார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க தம்பி. இந்த வாட்டி விட்டா வயசு தாண்டிடுது. அப்பறம் எழுதவே விடமாட்டாங்களாமே?"

"ஆமாங்க அண்ணி. அவருக்கு இதுதான் கடைசி."

"எங்க அண்ணன் பொண்டாட்டி சோறு போடறப்ப கரண்டியால தட்டுல ஒரு இடி இடிக்குது. எம் பொண்ணு கேக்குது, ஏம்மா அத்த சோத்த அடிக்கறாங்கன்னு. இன்னா சொல்றது?"

அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பாஸாயிட்டாருன்னா ஒரே ஒரு ரூம்பு போதும் தம்பி. ஒரு மூலைல அடுப்பு வெச்சிக்குவேன். எங்க வேலையோ அங்க. வேங்கிக்கால் பக்கம் காட்டுல போட்டாக்கூடப் பரவால்ல."

கீழே கடையில் பெரிய சிரிப்புச் சத்தம் எழுந்தது. மில் முதலாளி தும்முகிறார் போலிருக்கிறது.

"கேளுங்க" என்றார் அண்ணி. "அங்க நடக்குது பரீட்ச."

அவர் பஸ் ஏறிப் போன பிறகு அண்ணாவிடம் கரண்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். பிறகு சொன்னார்:

"தம்பி, நாளைலேர்ந்து நான் மௌனம்."

"இன்னாண்ணா?"

"பரீட்ச வரைக்கும். படிக்கறேன்னு சொன்னா எவனும் எழுந்து போகமாட்டேன்றான். மௌனம்னு சொல்லிப் பாரு, செருப்பக் கையில எடுத்துக்கினு சத்தம் இல்லாம போவான். இந்த ஊர்ல அதுக்குத்தான் மரியாத."

உண்மைதான். வேறு ஊரில் ஒரு மனிதன் திடீரென்று பேச்சை நிறுத்தினால் டாக்டரிடம் கூட்டிப்போவார்கள். எங்கள் ஊரில் எந்தத் தெரு என்று விசாரிப்பார்கள். மலையைச் சுற்றி அத்தனை பேசாத சாமிகள் இருந்தார்கள். பேசாதவர்களைப் பற்றிப் பேசிப் பேசியே பொழுது போக்குகிற ஊர் அது. அண்ணாவின் யோசனை எனக்கு அபாரமாகப் பட்டது. இதை நானே யோசித்திருக்கக் கூடாதா என்று கொஞ்சம் பொறாமைகூட வந்தது. யோசித்திருந்தாலும் பயனில்லை. நான் பேசுவதை நிறுத்தினால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கி வைத்துக்கொண்டார். முதல் சில வாரங்கள் நாங்கள் படித்ததுபோல் அந்தச் சந்தில் யாருமே படித்திருக்க மாட்டார்கள். வந்தவர்கள் வாசலில் நின்று சிலேட்டைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியபடி இறங்கிப் போனார்கள். டீக்கடையில் டீ சூடாகக் கிடைக்க ஆரம்பித்தது. அண்ணா அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரை உதடு மட்டும் அசைய நடந்து நடந்து மனப்பாடம் செய்தார். இந்திய நதிகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஐந்தாண்டுத் திட்டங்களுக்குள் நுழைந்தார். விஷயம் அறிந்து அண்ணி ஊரிலிருந்து ஒரு பை வேர்க்கடலை கொடுத்தனுப்பினார். "பேசாம இருக்கறதுக்கு இந்த மனுசன் இத்தினி வருசம் எடுத்துக்கிட்டாரு" என்று கொண்டுவந்தவர் மூலம் சேதியும் வந்தது.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ஒன்றில் நேரம் மிச்சமாகிறது என்று தெரிந்ததும் மனிதனுக்கு எல்லாவற்றிலும் மிச்சம் பிடிக்கத் தோன்றுகிறது. முகச்சவரத்துக்கு ஆகும் நேரம் வீண் என்று தாடியை விட்டார். பங்குனி வெயிலில் மாடி கொதித்ததால் சட்டையைக் கழற்றினார். வயிறு நிறைந்தால் தூக்கம் வருகிறது என்று ஒரு வேளைச் சாப்பாடு ஆக்கினார். சந்துப் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்தால் போகிறவர் வருகிறவர் மேல் கண் போகிறது என்று, பின்பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். பின்பக்க ஜன்னலில் மலையைத் தவிர வேறொன்றும் தெரியாது.

எல்லாமே படிப்புக்காகச் செய்ததுதான். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் காரணம் இருந்தது. ஆனால் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறவருக்கு என்ன தெரியும்? தாடி வைத்த, வெற்றுடம்பான, ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற, பேசாத ஒரு மனிதர் மலையைப் பார்த்துச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

முதலில் வந்தது, கடைக்குக் கிணற்றுக் கயிறு வாங்க வந்த ஒரு அம்மாள். மேலே ஒருத்தர் மாசக்கணக்காகப் பேசவில்லை என்று கடைப் பையன் சொல்லியிருக்கிறான். அந்த அம்மாள் கயிற்றுச் சுருளோடு படியேறி வந்து, வாசலில் விழுந்து கும்பிட்டு, பேரனுக்குக் காய்ச்சல் விடவே இல்லை என்று அழுதார். அண்ணாவுக்கு ஒன்றும் புரியவில்லை. போங்கம்மா, படிக்கிறேன் என்கிற அர்த்தத்தில் கையை அசைத்தார். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். குழந்தைகளின் காய்ச்சல் எல்லாம் செய்வதைப் போல அந்தக் காய்ச்சலும் இரண்டு நாளில் இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடும், தன் தெருவில் பாதியோடும் வந்தார்.

அண்ணா பதறிப்போய் சிலேட்டில் 'படிக்கிறேன்' என்று எழுதிக் காட்டினார்.

"பாருங்க" என்றார் கூட்டத்தில் ஒருவர். "எல்லாம் தெரிஞ்சவரு, இன்னும் படிச்சிக்கினு கீறேன்றாரு. நாம ரெண்டு எழுத்து தெரிஞ்சா இன்னா ஆட்டம் ஆடறோம்."

அன்று கூட்டம் போன பிறகு அவர் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பழத்தை இருவரும் சாப்பிட்டோம். நாளைக்கு யாராவது வந்தால் விஷயத்தைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவது என்று முடிவானது.

சொல்லித்தான் பார்த்தேன். "இவரு சாமி இல்லீங்க. குமாஸ்தா பரீட்சைக்குப் படிக்கறாரு." அதை யாரும் நம்பவில்லை. பக்கத்திலேயே இருந்தும் அருமை தெரியாத ஜன்மம் என்று என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் என் தோளில் கை வைத்து, "உனக்கும் ஒரு நாள் புரியும்ப்பா" என்று ஆறுதல் வேறு சொன்னார்.

செங்கம் ரோட்டு ஆசிரமத்துப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரரும் வர ஆரம்பித்தார். காலையில் வந்து சுவரோரம் உட்கார்ந்தால் மத்தியானம் வரை அசையமாட்டார். இமை கொட்டுவதுகூட எப்போதாவதுதான். அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களிலேயே பரீட்சைக்குத் தகுதியான மன ஒருமைப்பாடு அவர் ஒருவருக்குத்தான் இருந்தது. அவருக்குப் பரீட்சை இல்லை.

எனக்கு இருந்தது. அறையில் இடமில்லாததால் நான் மறுபடி கோயில் பிரகாரத்துக்கே போனேன். அங்கே கூட்டு வட்டிக்காரன் என்னை நிறுத்தினான்.

"உங்க ரூம்புல ஒரு சாமி கீறாராமே? நம்ம ஹால் டிக்கெட்டக் கொஞ்சம் அவுரு கால்ல வெச்சி எடுத்தாந்து குடேன்."

"யோவ், அவரும் உன்னோடதான் பரீட்ச எழுதறாரு."

"சொல்ல இஷ்டம் இல்லன்னா வுடு. நக்கல் பண்ணாத."

அவன் என்னை நம்பாமல் நேரிலேயே போனான். பிரகாரத்தில் நடந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு நாள் அறைக்குத் திரும்பியபோது ஐந்தாறு பேர் வரிசையில் நின்று தங்கள் ஹால் டிக்கெட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணா ஒவ்வொன்றையும் வாங்கிக் கண்ணை மூடித் திருப்பிக் கொடுத்தார். அதே பரீட்சை, அதே வேலை, அதற்கு இவரோடு போட்டியிடுகிறவர்கள். அவர்கள் போன பிறகு நான் அவர் முகத்தைப் பார்த்தேன், சிரிப்பார் என்று. அவர் சிரிக்கவில்லை.

கீழே பாய் என்னைக் கூப்பிட்டார். அவருக்குச் செருப்புத் தொல்லை. படியிலிருந்து கடை வாசல் வரை செருப்புகள் கிடந்தன.

"கயிறு வாங்க வரவன்கூட செருப்பக் கழட்டிட்டு உள்ள வரான் தம்பி. கடையா இது, இன்னான்னே தெரில. ரொம்ப பேஜாரா கீது."

"பரீட்ச முடிஞ்சதும் சரியாயிடும் பாய்."

"அது இருக்கட்டும். முன்னல்லாம் மேல அவுரு நடக்கற சத்தம் தடதடன்னு கேக்கும். கணக்கு எழுதக்கூட முடியாது. இப்போ பத்து நாளா ஒண்ணியும் கேக்கல. படிக்கறாரா, இல்ல சும்மா உக்காந்துக்கினு கீறாரா?"

"படிக்கறாரு பாய்."

சொல்லிவிட்டு மேலே போய்ப் பார்த்தேன். பொது அறிவு வழிகாட்டி அவர் மடியில்தான் விரிந்து கிடந்தது. மூன்றாவது ஐந்தாண்டுத் திட்டம். முந்தின வாரமும் அதுதான். மேல் பக்கத்தில் யாரோ கொடுத்த விபூதி சிந்தியிருந்தது. அது தட்டிவிடப்படாமல் அப்படியே இருந்தது.

யாரும் இல்லாத நேரம் பார்த்து எதிரே உட்கார்ந்தேன்.

"அண்ணா, ஒரே ஒரு வார்த்த பேசுங்க. இன்னா நடக்குது?"

அவர் சிலேட்டை எடுத்து எழுதினார்: 'மனசு நிக்குது.'

"எதுல நிக்குது? மூணாவது திட்டத்துலயா?"

அவர் ஈரத்துணியால் சிலேட்டைத் துடைத்து வைத்துவிட்டு மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

நான் அதிகம் கவலைப்படவில்லை. பரீட்சை அன்றைக்கு மௌனம் முடிந்துவிடும் என்று அவர்தான் சொல்லியிருந்தார். மனப்பாடம் குறைந்தாலும் மூன்று முறை எழுதிய அனுபவம் இருக்கிறது. ஆளைக் கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டால் கை தானாக எழுதும் என்று நினைத்தேன்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒரு தாள், மத்தியானம் ஒரு தாள். ஊர் நடுவிலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். விடிந்ததும் அவர் குளித்தார். நான் சொல்லாமலே கொடியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சட்டை. தோளில் அது தொளதொளவென்று நின்றது. பையில் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் வைத்துக்கொண்டார். என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இருவரும் படியிறங்கினோம்.

படியின் கீழே கூட்டம். பரீட்சைக்குப் போகிற வழியில் கும்பிட்டுவிட்டுப் போக வந்த பிரகாரத்துப் பையன்கள், வழக்கமாக வருகிற பெண்கள், அந்தக் கயிற்றுக்கார அம்மாள். சட்டை போட்ட அண்ணாவைப் பார்த்ததும் எல்லாரும் கும்பிட எடுத்த கையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

"சாமி சட்ட போட்டுக்கினு எங்க போறாரு?" என்றார் அந்த அம்மாள்.

"பரீட்சைக்கு" என்றேன்.

சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. குழந்தை ஏதோ சொன்னால் சிரிப்பார்களே, அப்படி.

"சாமிக்கு யாரு பரீட்ச வெக்கறது?"

"எல்லாப் பரீட்சையும் முடிச்சிட்டுத்தான அவுரு இங்க வந்து உக்காந்துகீறாரு."

கூட்டு வட்டிக்காரன் முன்னால் வந்து தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். தன் ஹால் டிக்கெட்டை அண்ணாவின் கால் பக்கத்தில் வைத்தான். "இது எனக்குக் கடைசி தடவ சாமி. வுட்டா வயசு போயிடும்" என்றான்.

அண்ணா குனிந்து அதை எடுத்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சட்டைப் பையில் அதே தாள், அதே மை, அதே முத்திரை. அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒன்றும் மர்மம் இல்லை. மூன்று முறை பட்டியலில் தன் எண்ணைத் தேடிக் காணாமல் திரும்பிய மனிதன், நான்காம் முறையும் போய்த் தேடச் சொல்கிறாயா என்று கேட்கிற பார்வை. திரும்பிப் படியேறினார்.

பின்னால் ஓடினேன். அவர் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் கழற்றினார். கொடியில் மடித்துப் போட்டார். மலையைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அண்ணா, நேரமாவுது. அண்ணி மத்தியானம் சோறு எடுத்துக்கினு ஸ்கூலாண்ட வராங்க. எழுந்திரிங்கண்ணா."

தோளைப் பிடித்து இழுத்தேன். பெண்கள் என்னைத் தடுத்தார்கள். பாய் மேல்படி வரை ஏறி வந்தார்.

"தம்பி, நீ போ. உனக்கும் போயிடப்போவுது. நான் சொல்லிப் பாக்கறேன்."

நான் போனேன். எனக்கு முன் பெஞ்சு அவருடையது. மேற்பார்வையாளர் வருகைத்தாளில் அந்த எண்ணுக்கு எதிரே ஒரு கோடு போட்டுவிட்டு நகர்ந்தார். அதற்கு அவருக்கு ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. நான் ஏதோ எழுதினேன். முன் பெஞ்சின் மேல் யாரோ காம்பஸால் கீறிய ஒரு பூ இருந்தது. அன்று காலைத் தாளில் என்ன கேட்டார்கள் என்பது மறந்துவிட்டது. அந்தப் பூ மறக்கவில்லை.

மணியடித்து வெளியே வந்தபோது அண்ணி வாசலில் நின்றிருந்தார். புதுப்புடவை. கையில் அடுக்கு டிபன் கேரியர். எல்லாரும் வெளியே வந்து முடிகிறவரை எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு எங்க தம்பி? இன்னும் எழுதறாரா?"

"இல்லீங்க அண்ணி."

"ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல."

வழியில் நடந்துகொண்டே சொன்னேன். அவர் நடை வேகமானது. படியில் கிடந்த செருப்புகளைத் தாண்டித் தன் செருப்போடு ஏறினார்.

அறையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அண்ணி நேரே அவர் முன்னால் போய் நின்றார்.

"எழுந்து வாங்க. மத்தியானப் பரீட்சையாச்சும் எழுதலாம்."

"சாமிய அப்பிடி அதட்டாதம்மா" என்றார் கயிற்றுக்கார அம்மாள்.

"உங்களுக்குச் சாமி. எனக்கு வூட்டுக்காரரு."

"அப்பிடின்னா நீ குடுத்து வெச்சவ."

"ஆமா, எம் பொண்ண எங்க அண்ணன் வூட்ல குடுத்துதான் வெச்சிருக்கேன்."

வெள்ளைக்காரர் மட்டும் ஒன்றும் புரியாமல் புன்னகை செய்துகொண்டிருந்தார். ஒரு தாள் போய்விட்டால் இன்னொன்றை எழுதியும் பயனில்லை என்று அண்ணிக்கு நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவர் கீழே உட்கார்ந்தார். கணவருக்கு நேர் எதிரே, மற்றவர்கள் எப்படி உட்கார்ந்திருந்தார்களோ அப்படியே. குரலைத் தணித்துக்கொண்டார்.

"பரீட்ச போனா போவட்டும். வயசு போனா போவட்டும். நான் மூட்ட தூக்கறேன். ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. வரேன்னு சொல்லுங்க, இல்ல வரலேன்னு சொல்லுங்க. எதுன்னாலும் பொண்ணுகிட்ட போயி சொல்றதுக்கு எனக்கு ஒண்ணு வேணும்."

அண்ணாவின் உதடு அசைந்தது. நான் பார்த்தேன். நதிகளை மனப்பாடம் செய்த காலத்தில் அசைந்தது போலவே சத்தமில்லாமல் அசைந்தது. கண்ணிலிருந்து நீர் இறங்கித் தாடிக்குள் போனது.

"கருணையப் பாரு" என்று பின்னால் யாரோ மெல்லச் சொன்னார்கள்.

அந்தக் குரல் வந்த திசையில் அவர் கண் ஒரு கணம் போய்த் திரும்பியது. பிறகு கண்களை மூடிக்கொண்டார்.

அண்ணி கொஞ்ச நேரம் காத்திருந்தார். திறக்கவில்லை. எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு கேரியரை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் பின்னாலேயே இறங்கினேன். பஸ் ஸ்டாண்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். கடைசிப் படியில், கயிற்றுச் சுருள்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேரியரைப் பிரித்தார்.

"உக்காருங்க தம்பி. உங்களுக்கு ரெண்டு மணிக்குப் பரீட்ச இல்ல?"

"வாணாம் அண்ணி."

"உக்காருங்கன்றேன்."

புளிச்சோறு. தொட்டுக்கொள்ள வேர்க்கடலைத் துவையல். இன்னொரு அடுக்கில் தயிர்ச்சோறு. மூடியில் வைத்து என் கையில் கொடுத்தார். பாய் உள்ளேயிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அவரும் அன்று மௌனம்தான்.

"காரம் ஜாஸ்தியா?"

"இல்லீங்க. சரியா இருக்குது."

"அவரு கொஞ்சம் காரமாத்தான் சாப்புடுவாரு. அதான் போட்டேன்."

முழுவதையும் நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வாய்கூட எடுக்கவில்லை. கேரியரைச் சொம்புத் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்து உதறி அடுக்கினார். "நல்லா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு, மேலே திரும்பிப் பார்க்காமல் சந்து முனையைக் கடந்து பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்.

நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். வெறும் வயிறு, வாளித் தண்ணீர், பிரகார நடை என்று அத்தனை வைத்தியமும் கைவிட்ட எனக்கு அன்று மத்தியானம் தூக்கம் வரவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தும் வரவில்லை. முன் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. ஆனால் நான் தலையைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. வெளியே யாரோ மணி கேட்டார்கள், வராந்தாவில் ஒரு நாய் குரைத்தது, மின்விசிறி நின்றுபோனது. எதுவும் என்னைத் தொடவில்லை. ஐந்தாண்டுத் திட்டங்களைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. வரிசையாக எழுதினேன். என் வாழ்நாளில் அதற்கு முன்பும் பின்பும் அப்படி மனம் ஒன்றி நான் எதையும் எழுதியதில்லை. எழுதி முடித்துக் கையை முகத்தருகே கொண்டுபோனபோது புளி வாசனை வந்தது.